செவலை சாகக்கூடாத கோடை

நாயைக் கண்டு பயந்த பிள்ளைகள் எங்கள் கரையில் அதிகம் கிடையாது. நான் பயந்தது தண்ணீருக்கு. சரியாகச் சொன்னால், தண்ணீரைக் கண்டு எனக்குப் பயம் வந்துவிடுமோ என்று பயந்தேன். காலையில் கண் விழித்ததும் அடுப்படிக்குப் போய்க் குடத்துக்குள் எட்டிப் பார்ப்பேன். உள்ளே என் முகம் கறுப்பாகத் தெரியும். பயம் வருகிறதா என்று நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும். அது தண்ணீருக்கு அடிக்கிறதா, வேறு எதற்காவது அடிக்கிறதா என்று ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும், சொல்லுங்கள்.

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்களுக்கு நாய்க்கடி என்றால் பக்கத்து ஆஸ்பத்திரியில் கையில் நாலு ஊசியோடு முடிகிற சமாசாரம். வெயில் காலத்தில் நாய்க்கு எந்த நேரத்தில் தண்ணீர் வைக்கலாம், எப்போது நடக்கக் கூட்டிப் போகலாம் என்றெல்லாம் போனில் பார்த்துச் செய்கிறார்கள். செய்யட்டும், நல்லதுதான். எங்கள் வீட்டிலும் ஒரு கோடையில் ஒரு நாயை வெயிலிலிருந்து காப்பாற்றப் பெரியவர்கள் எல்லோரும் மல்லுக்கட்டினார்கள். நாய் மேல் வைத்த பாசத்தால் அல்ல. அது செத்தால் நானும் செத்தேன் என்ற கணக்கு.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்குச் சில வருஷம் முந்திய கோடை அது. மாரியூருக்குக் கிழக்கே கரையோரமாகக் கொஞ்சம் ஓலை வீடுகளும் ஒரு சின்ன மாதா கோவிலும் இருந்த குடியிருப்பு எங்களுடையது. அய்யாவும் மாமாவும் ஒரே வத்தையில் கடலுக்குப் போவார்கள். வத்தை என்பது பாய் கட்டி ஓட்டுகிற சின்னப் படகு. மாமா அம்மாவுக்கு இளையவர், கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேரும் தங்கவில்லை. வீட்டுக்கு நான் ஒருத்திதான். அதனால் எனக்குச் செல்லம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். அதட்டல்தான் அதிகம்.

செவலையை எங்கள் வீட்டு நாய் என்று அம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "ஒன் மாமன் நாயி" என்பாள். மாமா ஒருமுறை சாயல்குடிச் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோனபோது பின்னாலேயே வந்துவிட்ட நாய் அது. பழுத்த பனம்பழத்தின் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். காயப்போட்ட மீனில் வாய் வைக்கும். அம்மா கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள். அது எறிந்ததையும் முகர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகப் போகும்.

மத்தியானத்தில் எங்கள் கரை நாய்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கத்திரி வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் அடிக்கும். மனிதர்கள் கூரைக்குள் ஒடுங்கிவிடுவார்கள். நாய்கள் மட்டும் அலை வந்து திரும்புகிற ஈர மணலுக்குப் போய், முன்னங்காலால் பறித்து, வயிறு பதியக் குப்புறப் படுத்துக்கொள்ளும். அலை வந்து தொட்டால் கண்ணைக்கூடத் திறக்காது. தாகம் எடுத்தால் ஊற்றுக்குப் போகும். கரைக்குக் கொஞ்சம் உள்ளே மணலைத் தோண்டினால் கசிகிற நல்ல தண்ணீர் அது. பெண்கள் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பும்போது சிந்துவதெல்லாம் நாய்களுக்கு. அவற்றுக்கு யாரும் நிழல் கட்டிக் கொடுத்ததில்லை, தண்ணீர் வைத்ததும் இல்லை.

அந்த வருஷம் பக்கத்துக் குடியிருப்பில் வலை பின்னுகிற ஒருவரை நாய் கடித்திருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்பு வைத்துக் கட்டினார்கள், புண்ணும் ஆறிப் போயிற்று. கொஞ்ச நாள் கழித்து அவருக்கு முடியவில்லை என்று சொல்லி எங்கள் ஊர்ப் பெண்கள் பார்க்கப் போனார்கள். அம்மா என்னையும் கையில் பிடித்துக்கொண்டு போனாள். ஏன் கூட்டிப் போனாள் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. வீட்டில் தனியாக விட்டால் செவலையோடு கடலுக்குப் போய்விடுவேன் என்று நினைத்திருப்பாள்.

அவரைக் கயிற்றுக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். யாரோ ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே நீட்டினார்கள். செம்பு பக்கத்தில் வந்ததுதான், கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டு உடம்பு வில்லாக வளைந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாய் மாதிரிக் குரைத்தார் என்று ஊர் முழுக்கச் சொன்னது. அது குரைப்பு இல்லை. மூச்சு உள்ளே போக முடியாமல் வந்த சத்தம். அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள், ஆனால் காதைப் பொத்த அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவர் இறந்துபோனார்.

அதற்குப் பிறகுதான் தண்டோரா போட்டார்கள். வீட்டு நாயைக் கட்டிப்போட வேண்டும், அவிழ்ந்து திரிந்தால் அடித்துக் கொல்லப்படும் என்று. ஈர மணலில் கிடந்த நாய்களை எல்லாம் இழுத்து வந்து வீட்டுக்கு வீடு கம்பத்தில் கட்டினார்கள். செவலையை அய்யா கொல்லையில் நின்ற உடைமரத்தில் கட்டினார். உடைமரத்து நிழலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் இருக்கும், உச்சிக்கு வந்தால் கையகலம், அதிலும் முள். கயிறு குட்டை. நிழல் நகரும்போது நாய் நகர முடியாது. நாக்கு முழ நீளத்துக்குத் தொங்க, வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடியும். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அத்தை, "இந்தா, இதுக்கும் வாயில நுரை தள்ளுது, பாத்துக்கோங்க" என்றாள். வெயிலில் கட்டிப் போட்டால் எந்த நாய்க்குத்தான் நுரை தள்ளாது? ஆனால் அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் செவலை கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. ஆண்கள் கம்போடு தேடினார்கள். அவர்கள் கையில் கிடைப்பதற்கு முன் நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஓடினேன். எண்ணெய் பூசுவதற்காகக் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வத்தைக்கு அடியில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். வெளிச்சத்திலிருந்து பார்க்க உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. "செவலை, வா" என்று கையை உள்ளே நீட்டினேன். எங்கே தொட்டேனோ, கண்ணிலா மூக்கிலா தெரியாது. சுள்ளென்று வலித்தது. கையை வெளியே எடுத்தபோது கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

நான் கத்தவில்லை. அந்தக் கயிற்றுக் கட்டில்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. மணலில் உட்கார்ந்தபடியே இருந்தேன். செவலை வெளியே வந்து என் பக்கத்தில் நின்று வாலை ஆட்டியது. அப்படித்தான் எங்கள் இருவரையும் அய்யா பார்த்தார்.

அய்யா துடுப்பை ஓங்கிவிட்டார். மாமா வந்து குறுக்கே விழுந்து பிடித்தார்.

"அத்தான், பொறுங்க. அடிக்கிறத எப்ப வேணா அடிக்கலாம். மொதல்ல புள்ளயக் கம்பவுண்டர்ட்ட காமிச்சுட்டு வருவோம்."

"என்னத்த மாப்ள பொறுக்கச் சொல்ற? என் புள்ள கையப் பாரு!"

அதற்குள் அம்மா சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் குழைத்துக் காயத்தில் அப்பிவிட்டாள். கடித்ததைவிட அந்த எரிச்சல்தான் என்னைக் கத்த வைத்தது. சாயல்குடி போய்ச் சேரும்வரை மாமாவின் தோளில் கத்திக்கொண்டே போனேன்.

கம்பவுண்டர் என் கையைப் பார்த்துவிட்டு முதலில் அய்யாவைத் திட்டினார். "இது கையா, கொழம்புச் சட்டியா?" என்று சொல்லி, சோப்புப் போட்டு அவ்வளவையும் கழுவினார். பிறகு கேட்டார்.

"நாயி உசுரோட இருக்கா?"

"இருக்குங்க. கட்டிப் போட்டிருக்கு."

"நல்ல வேளை. கொன்னுறாதீக. பத்து நாளு வச்சுப் பாருங்க. வெறி புடிச்ச நாயின்னா அதுக்குள்ள செத்துரும். பத்து நாள் தாண்டியும் நடமாடுச்சுன்னா புள்ளைக்கு ஒரு பயமும் இல்ல. நடுவுல செத்துச்சுன்னா மறு பஸ்ஸுல மதுரைக்குக் கொண்டுபோயிருங்க. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடணும்."

நாங்கள் வாசல் தாண்டியபோது மறுபடி கூப்பிட்டார். "இன்னொண்ணு. வெயில்ல வதங்கிச் செத்தாலும் நமக்கு வெறியில செத்த கணக்குத்தான். எதுல செத்தேன்னு நாயா வந்து சொல்லப் போகுது? வெயில்ல சாக விட்டுறாதீக."

கடித்த அன்றே ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும் என்று இப்போது சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்குக் கம்பவுண்டர் வாக்குதான் எங்களுக்கு வேதவாக்கு. திரும்பி வரும் வழி முழுக்க மாமா என் காதருகே, "ஒண்ணும் ஆகாது தாயி, செவலைக்குக் கெட்டி உசுரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வேர்வையைப் பார்க்கவே பயமாக இருந்தது, அதுவும் தண்ணீர்தானே என்று.

நாயை ஊருக்குள் வைத்திருக்க ஊர் சம்மதிக்கவில்லை. மீன் காயப்போடுகிற களத்துக்கு அப்பால், வெட்டவெளியில், பனைமட்டையை நெருக்கமாக ஊன்றி ஒரு பட்டி கட்டினார்கள். செவலையை அதற்குள் விட்டார்கள். நடுவில் அதற்கு ஒரு மண்சட்டி. உள்ளே போக யாருக்கும் துணிச்சல் இல்லாததால் மாமா ஒரு மூங்கிலை இரண்டாகப் பிளந்து, மட்டை இடுக்கு வழியாகச் சட்டி வரைக்கும் சாய்த்து வைத்தார். வெளியே நின்று மூங்கிலில் தண்ணீர் ஊற்றினால் சட்டிக்குள் போய் விழும். சோறும் மீனும் வேலிக்கு மேலாக எறிவது.

நிழல் ஒன்று வேண்டுமே. முதல் நாளே செவலை பட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு மூலையில் சாய்ந்து விழுந்துவிட்டது. விலா மட்டும் ஏறி இறங்கியது. மாமா அய்யாவிடம் கேட்காமல் வத்தையின் பழைய பருத்திப் பாயை எடுத்து வந்து நாலு கம்பு நட்டு மேலே கட்டினார். பிறகு மண்ணெண்ணெய் டின்னில் கடல்நீரை மொண்டு வந்து பாய் மேல் வீசி வீசி ஊற்றினார். கடலில் வெயில் தாங்க முடியாதபோது தலைத்துண்டை நனைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள்தானே. நனைந்த பாய்க்குள் காற்று புகுந்து வரும்போது பட்டிக்குள் குளுகுளுவென்று ஆகிவிட்டது. பாய் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. செவலை எழுந்து அந்தச் சொட்டுக்குக் கீழே போய் முதுகைக் காட்டிப் படுத்தது. அதன் மூச்சு மெள்ள அடங்கியது.

"பாத்தியாக்கா, நாயிக்கு மாளிகை கட்டிட்டேன்" என்றார் மாமா. அம்மா அன்று மாமாவுக்குப் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

பிறகு தினமும் அதுதான் வேலை. வெயில் ஏறத் தொடங்கினால் அய்யாவும் மாமாவும் மாற்றி மாற்றிப் பாயை நனைப்பார்கள். கடலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். நல்ல தண்ணீர் ஊற்றில் குறைந்துபோயிருந்தது. ஒரு குடத்துக்கு அம்மா வெகுநேரம் குந்தியிருக்க வேண்டும். அதில் நாய்க்கென்று ஒரு செம்பு காலையில் மூங்கில் வழியாகப் போகும்.

எனக்கு வீட்டுச் சிறை. மற்றப் பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் எங்கள் வாசல் பக்கம் விடவில்லை. காலையில் எழுந்ததும் அம்மா ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து முன்னால் உட்கார்ந்துகொள்வாள். நான் குடிக்கும்போது என் தொண்டையையே பார்ப்பாள். ஒருத்தர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களால் விழுங்க முடியுமா? எனக்கு ஒவ்வொரு மடக்கும் அடைத்தது. அடைப்பது தெரிந்துவிடக்கூடாதே என்று வேகமாகக் குடிப்பேன். ஒருநாள் புரையேறிவிட்டது. கண்ணும் மூக்கும் ஒழுக இருமினேன். அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. உபதேசியார் கோவிலிலிருந்து மந்திரித்த எண்ணெயோடு ஓடிவந்தார். கோவில் காரியங்களைப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருகிறவர் அவர். நான் இருமி முடித்துவிட்டு, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் முதுகில் ஒரு அறை வைத்தாள்.

செவலைக்கு என்ன ஆகிறது என்று எனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. மாமா வரும்போதெல்லாம் கேட்பேன். "தின்னுது, குடிக்குது, ஒன்னையத்தான் கேட்டுச்சு" என்பார். ஒருநாள் கேட்டபோது, "ம், குடிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது.

அன்று வெயில் ஏறியபோது வீட்டில் யாரும் இல்லை. அம்மா ஊற்றுக்குப் போயிருந்தாள். நான் பின்புறமாக நழுவிக் களத்துக்கு ஓடினேன். பட்டியைச் சுற்றித் தள்ளி நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. பெரியவர்கள் காலிடுக்கு வழியாக எனக்கும் தெரிந்தது. செவலையின் மயிரெல்லாம் விறைத்து, வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கால்கள் நடுங்கின. தன் உடம்பையே நக்கிக்கொண்டு நின்றது. மாமா மூங்கிலில் தண்ணீர் ஊற்றினார். சட்டியில் விழுகிற சத்தம் கேட்டு அது தள்ளாடிப் போய் வாயை வைத்தது. வைத்த வேகத்தில் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்து உதறியது. மறுபடி போயிற்று, மறுபடி உதறிக்கொண்டு பின்வாங்கி ஒரு மாதிரி முனகியது.

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தண்ணியக் கண்டு மெரளுதே" என்றார் மெதுவாக. "இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்? முடிச்சுருங்க. புள்ளய மதுரைக்குக் கெளப்புற வழியப் பாருங்க."

அய்யா மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி வெயிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாமா செம்பைப் பிடித்தபடியே நின்றார்.

பக்கத்து வீட்டு அத்தை பின்னால் யாரிடமோ சொன்னது எனக்கும் கேட்டது. "கடிச்சு இத்தன நாள் ஆச்சே. இனிமே ஊசி போட்டு என்னத்துக்கு? வெறி ஏறுன நாயி கடிச்சு எத்தன பேரு தங்கியிருக்காக?"

திரும்பிப் பார்த்தேன். அத்தைக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடம். ஊற்றிலிருந்து நேராக வந்திருக்கிறாள். அவள் என்னைத்தான் பார்த்தாள். ஏன் வெளியே வந்தாய் என்று கேட்கவில்லை. குடத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். மட்டைக் கதவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பட்டிக்குள் போனாள்.

"யக்கா! யக்கா, வெளிய வா!" என்று மாமா கத்தினார். அய்யா எழுந்து ஓடினார். அதற்குள் அம்மா குனிந்து, ஒரு கையால் அந்தச் சட்டியைத் தூக்கி வாயில் வைத்துக் குடித்தாள்.

எனக்கு அந்த நிமிஷத்தில் வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. பெண்கள் அலறினார்கள். அய்யா கதவருகே நின்றுவிட்டார். செவலை அம்மாவின் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா குமட்டிக் காறித் துப்பினாள். சட்டியை எறிந்தாள்.

"உப்பு! ஏலே, உப்புடா இது! ஒன் பாயில வடிஞ்சது பூராம் இதுக்குள்ளதான்டா விழுந்திருக்கு! இத மனுசன் குடிப்பானா?"

யாருக்கும் உடனே விளங்கவில்லை. அம்மா இடுப்புக் குடத்தை இறக்கிச் சாய்த்துத் தண்ணீரைக் கையில் ஏந்தினாள். செவலை அவள் கையோடு சேர்த்து நக்கியது. கையை எடுத்துவிட்டுக் குடத்தையே சாய்த்தாள். அது குடத்தின் வாய்க்குள் மூஞ்சியைத் திணித்து, மூச்சு விடாமல், மடக் மடக்கென்று குடித்தது. குடித்துவிட்டு இருமியது. மறுபடி குடித்தது. பாதிக் குடம் காலியான பிறகு மீதியை அம்மா அதன் தலையில் கவிழ்த்தாள். வெள்ளையாகப் பூத்திருந்ததெல்லாம் கரைந்து வழிந்தது.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். பாய்க்குத் தினமும் ஊற்றிய கடல்நீர், சொட்டுச் சொட்டாகச் சட்டியில் விழுந்து, வெயிலில் வற்றி, அதன் மேல் நல்ல தண்ணீர் விழுந்து, மறுபடி உப்பு விழுந்து. பயத்தில் அந்தச் சட்டியை யாரும் வெளியே எடுத்துக் கழுவவில்லை. நாய் நனைந்த தன் மயிரை நக்கி நக்கி அந்த உப்பையும் தின்றிருக்கிறது. நாயைக் குளிரவைக்கப் போய்த் தாகத்தில் கொல்லப் பார்த்தோம் என்று மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அதோடு பயம் தீர்ந்துபோய்விடவில்லை. தண்ணீருக்கு மிரளவில்லை என்பது தெரிந்தது, அவ்வளவுதான். பத்து நாள் கெடு இன்னும் முடியவில்லை. அதோடு இப்போது நாயின் எச்சில் பட்ட தண்ணீரை அம்மாவும் குடித்திருந்தாள். ஊர் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக ஒதுக்கியது. அம்மா தனக்கும் எனக்கும் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். காலையில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அவள் என் தொண்டையைப் பார்ப்பாள், நான் அவள் தொண்டையைப் பார்ப்பேன்.

செவலையைப் பார்த்துக்கொள்வது முழுக்க அம்மாவின் கைக்கு வந்துவிட்டது. பட்டிக்குள் அவள் ஒருத்திதான் போவாள். சட்டியைப் பாய்க்கு வெளியே, மட்டை நிழலில் மாற்றி வைத்து, தினமும் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஈரம் தட்டுகிறவரை மணலைத் தோண்டிப் படுக்க இடம் செய்தாள். பாயை அய்யா தொடர்ந்து நனைத்தார். அந்த உப்பு நாயின் உடம்பில் தங்காதபடி அம்மா சாயந்தரம் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுவாள். "மூதேவி, ஒன்னால நான் படுற பாடு" என்று திட்டிக்கொண்டேதான் துடைப்பாள். அது கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கேட்கும். உச்சி வெயிலில் அது அசையாமல் கிடந்தால் அம்மா வேலியோரம் நின்று, "ஏய்!" என்பாள். வால் ஒருமுறை மணலில் அடிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்து உலை வைப்பாள்.

கெடு முடிந்த காலையில் கம்பவுண்டரே சைக்கிளில் வந்தார். செவலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு மீன் தலையைப் போட்டார். அது கவ்விக்கொண்டு உறுமியது. "எமன்கூட இத இப்போதைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டான்" என்றார். அய்யா பனைமட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். செவலை வெளியே வந்து உடம்பை ஒரு உதறு உதறியது. எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் நேராக ஈர மணலுக்குப் போய், பறித்து, வயிறு பதியப் படுத்துக்கொண்டது. யாரும் அதைக் கட்டச் சொல்லவில்லை. அம்மா என்னை அணைக்கவில்லை. அடுப்பில் கஞ்சி இருக்கிறது என்று போய்விட்டாள். நான் கடலுக்குள் இடுப்பளவு இறங்கிப் போய், பயப்படாமல், வெகுநேரம் நின்றேன்.

அம்மாவின் புத்தியை ஊர் பல வருஷம் மெச்சியது. உபதேசியார் பிரசங்கத்திலேயே சொன்னார். "எல்லாரும் நாயைப் பாத்தோம், அந்தத் தாய் மட்டும் சட்டியைப் பாத்தா" என்று. மாமா யார் வீட்டுக்குப் போனாலும் தன் அக்காள் வாயில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்தேன்.

அய்யா போன பிறகு அம்மா என்னோடு வந்து ராமநாதபுரத்தில் இருந்தாள். எண்பதைத் தாண்டியிருப்பாள். ஒரு கோடை மத்தியானம், கரண்ட் இல்லை. அவள் கட்டிலில் படுத்திருந்தாள், நான் கீழே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு நாய் சாக்கடை ஓரத்தில் இளைத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்து எனக்குச் செவலை ஞாபகம் வந்தது.

"ஏம்மா, அந்தத் தண்ணி உப்பாத்தான் இருக்கும்னு ஒனக்கு எப்படித் தோணுச்சு? அத்தன ஆம்பளைக்குத் தோணல."

அம்மா முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எங்கிட்டுத் தோணுச்சு?" என்றாள். "உப்பா, சக்கரையான்னு யாருக்குத் தெரியும்."

"பெறகு ஏன் குடிச்ச?"

"நீ இனித் தங்க மாட்டேன்னு சொல்லிட்டாக. முந்துன ரெண்டையும் தனியாத்தான் அனுப்புனேன். ஒன்னைய அப்படி அனுப்ப மனசு வரல. நாமளும் நாயி வாய் வச்சதையே குடிச்சா ஒண்ணாப் போயிரலாம்னு குடிச்சேன். குடத்த எறக்கி வைக்கணும்னுகூட நெனப்பு இல்ல. வாயில வச்சா ஒரே கரிப்பு. அதான் கத்திட்டேன்." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட எல்லாப் பாவத்தையும் சொல்லியிருக்கேன், இத மட்டும் சொன்னதில்ல."

என் கையில் விசிறி நின்றுவிட்டது. அந்தக் கோடை முழுக்க நான் பட்ட பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று, எல்லாம் முடிந்து ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, அப்போதுதான் எனக்கு வந்தது. பேரன் பேத்தி எடுத்தவள் என்று பார்க்காமல் எழுந்து போய் அவள் கட்டிலில் ஏறி, அவளை ஒட்டிப் படுத்து, இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"தள்ளிப் படுடி," என்றாள். "வெக்கையா இருக்கு."